கல்லின் விளிம்பில் ஒரு பெயர்: அயர்லாந்தின் ஓகம் கற்களை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: அயர்லாந்தின் தென்மேற்கில், டிங்கிள் பக்கம் சுற்றப் போன ஒருவர் வயல் நடுவே ஆள் உயரக் கல் ஒன்றைப் பார்த்திருக்கிறார். படமோ உருவமோ எதுவும் இல்லை. ஒரு விளிம்பு நெடுக மட்டும் கத்தியால் கீறியதுபோல் கோடுகள். "இது எழுத்தா, வெறும் அலங்காரமா, பழைய பூசாரிகளின் மந்திரக் குறியா? எழுத்து என்றால் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறார்.

எழுத்துதான். ஓகம் என்று பெயர். இன்றைய ஐரிஷ்காரர்கள் நடுவிலுள்ள 'க'வை விழுங்கிவிட்டு 'ஓஅம்' என்பார்கள். ஐரிஷ் மொழி எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வடிவம் இந்தக் கற்களில்தான் இருக்கிறது. பெரும்பாலானவை கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மொத்தம் சுமார் 400 கற்கள் தெரிய வந்துள்ளன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு கெர்ரி மாவட்டத்தில் மட்டும் இருக்கிறது. அடுத்து கார்க், வாட்டர்ஃபோர்ட். கடல் தாண்டி வேல்ஸ், கார்ன்வால், மான் தீவு, ஸ்காட்லாந்திலும் உண்டு. நீங்கள் பார்த்தது டிங்கிளில் என்றால், இந்த எழுத்தின் தாய்வீட்டிலேயே பார்த்திருக்கிறீர்கள்.

என்ன எழுதியிருக்கிறது என்பதற்கான பதில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஏறக்குறைய எல்லாக் கற்களிலும் ஒரு ஆளின் பெயர்தான். "இன்னாருடையது, இன்னாரின் மகனுடையது." அவ்வளவுதான். போர்ச் செய்தி கிடையாது, அரசன் புகழ் கிடையாது, மந்திரமும் கிடையாது. ஆனால் அந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மொழி உருமாறிக்கொண்டிருந்த நேரம் கண்ணுக்குத் தெரியும். எனக்கு இந்தக் கற்கள் மேல் இத்தனை பிரியம் வந்ததே அதனால்தான். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் படிக்கும் முறை. கல்லின் செங்குத்தான விளிம்புதான் எழுத்துக் கோடு. பொதுவாக இடப்பக்கம் கீழே தொடங்கி மேலே ஏற வேண்டும். இடம் போதாவிட்டால் உச்சியைச் சுற்றி மறுபக்கம் இறங்கும். மொத்தம் 20 எழுத்துகள், ஐந்தைந்தாக நான்கு குடும்பங்கள். விளிம்புக்கு வலப்பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை கோடு போட்டால் ப, ல, வ, ஸ, ந. இந்தப் 'ப'வை 'பந்து' என்பதில் வருவதுபோல் இல்லாமல் 'அம்பு' என்பதில் வருவதுபோல் மெலிதாகச் சொல்ல வேண்டும். அது ஏன் முக்கியம் என்று பிறகு வருகிறேன். இடப்பக்கம் போட்டால் ஹ, மெலிந்த த, வலிந்த த, க, க்வ. விளிம்பைக் குறுக்கே சாய்வாக வெட்டினால் ம, மெலிந்த க என்று தொடங்கி 'ர'வில் முடியும் ஐந்து. விளிம்பின் மேலேயே சின்னச் சின்னப் பள்ளமாகக் கொத்தினால் உயிரெழுத்துகள்: அ, ஒ, உ, எ, இ.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். இந்தக் கற்களில் அடிக்கடி வருவது 'மக்வி', அதாவது 'மகனுடைய'. விளிம்பின் குறுக்கே ஒரு சாய்வு வெட்டு, அது ம. அப்புறம் ஒரு பள்ளம், அ. இடப்பக்கம் ஐந்து கோடு, க்வ. கடைசியில் ஐந்து பள்ளம், இ. மொத்தம் 12 வெட்டு. எழுத்தறியாதவர்கூட கையால் தடவி எண்ணிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மெய்யெழுத்துகள் கல்லின் முகத்தில் நீளமாக ஓடும். உயிர்களோ விளிம்பில் இருக்கும் வெறும் பொட்டுகள். மழையும் காற்றும் உரசும் மாடும் முதலில் தின்பது விளிம்பைத்தான். ஐந்து பள்ளத்தில் ஒன்று தேய்ந்தாலே 'இ' 'எ' ஆகிவிடும். அறிஞர்கள் இந்தக் கற்களோடு நூற்றாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இந்தப் பொட்டுகளுக்காகத்தான்.

டிங்கிள் ஊரை ஒட்டி பாலின்டாகர்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. பழைய இடுகாடு. அங்கே ஒன்பது ஓகம் கற்கள் கிடக்கின்றன. மற்ற இடங்களில் இருப்பதுபோல் நெட்டுக்குத்தாக நட்ட கற்கள் அல்ல. கடல் அலை உருட்டி மழுமழுவென்று ஆக்கிய நீள்உருண்டைப் பாறைகள். விளிம்பே இல்லாத கல்லில் விளிம்பு எழுத்தை எப்படி எழுதுவது? வெட்டியவர் நடுவே ஒரு கோடு இருப்பதாக மனதில் வைத்துக்கொண்டு, அதன் இரு பக்கமும் கோடுகளைக் கொத்தியிருக்கிறார். அதில் ஒரு கல் "மயிலக்னியின் மூன்று மகன்கள்" என்கிறது.  பிள்ளைகள் மூவருக்கும் சேர்த்து ஒரே கல். இதற்கு மேல் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனாலும் அதைப் படிக்கும்போது மனசு கொஞ்சம் நின்றுவிடுகிறது.

அதே இடத்தில் இன்னொரு கல்லில் 'குனுமக்வி' என்று ஒரு பெயர். 'குனு' என்றால் வேட்டை நாய். அந்தக் காலத்து ஐரிஷ்காரர்களுக்கு நாய் என்பது வீரனுக்குக் கொடுக்கும் பெருமைப் பெயர். இந்தப் பெயர்தான் பின்னால் 'கொன்மக்' ஆனது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் சுற்றுலாப் பயணிகள் குவியும் கொனமாரா என்ற ஊர்ப்பெயருக்குள் இருப்பதும் இதே கொன்மக்தான். அதே ஆள் என்று சொல்லவில்லை, பெயர்தான் அதே.

பெயரோடு சில சமயம் குலமும் வரும். அதற்கு 'முக்கோய்' என்று ஒரு சொல், 'இன்ன குலத்தவன்' என்று பொருள். டிங்கிள் பகுதிக் கற்களில் முக்கோய்க்குப் பின்னால் திரும்பத் திரும்ப வருவது 'தோவினியாஸ்' என்ற பெயர். இது ஒரு பெண்ணின் பெயர், அந்தக் குலத்தின் மூதாய்; தெய்வமாகவே இருந்திருக்கலாம். அயர்லாந்துப் பெருநிலத்தின் மேற்கு நுனியான டன்மோர் முனையில், அட்லாண்டிக் காற்றை நேராக வாங்கிக்கொண்டு நிற்கும் கல்லிலும் அவள் பெயர் இருக்கிறது. டிங்கிள் தீபகற்பத்துக்கு ஐரிஷ் மொழியில் இன்றும் என்ன பெயர் தெரியுமா? கோர்க்க துவிவ்னெ. அதாவது துவிவ்னெயின் மக்கள். தோவினியா தேய்ந்து துவிவ்னெ ஆகியிருக்கிறாள். நீங்கள் காரில் போகும்போது சாலைப் பலகையில் கடந்துபோன பெயரும் கல்லில் இருக்கும் பெயரும் ஒன்றுதான். நடுவில் 1,500 வருஷம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 'மக்வி' என்று வாசித்ததும் தமிழ்க் காதுக்கு 'மகன்' கேட்கும். பொருளும் அதுவே. உடனே தொடர்பு இருக்குமோ என்று தோன்றுவது இயல்பு, பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தொடர்பு இல்லை, தற்செயல்தான். எப்படித் தெரியும் என்றால், அதில் இருப்பது வெறும் 'க' இல்லை, 'க்வ'. அந்தக் 'க்வ' ஐரிஷில் பின்னால் 'க' ஆனது, உறவு மொழியான வெல்ஷில் 'ப' ஆனது. அதனால்தான் ஐரிஷில் மகன் 'மாக்', வெல்ஷில் 'மாப்'. நான்கு என்பது ஐரிஷில் 'கஹிர்', வெல்ஷில் 'பெத்வர்'. தலை ஐரிஷில் 'கியான்', வெல்ஷில் 'பென்'. இப்படி வரிசையாக, விதி தவறாமல் வருவதுதான் உறவுக்குச் சாட்சி. ஒரு சொல் ஒலிப்பில் ஒத்துப்போவது சாட்சி ஆகாது. மெக்கார்த்தி, மெக்டொனால்ட் போன்ற பெயர்களில் முன்னால் நிற்பது இந்த 'மாக்'தான்.

சரி, 'க்வ' பற்றிப் பேச்சு வந்தாயிற்று, அதன் சுவையான பகுதிக்கு வருகிறேன். பழைய ஐரிஷில் அழுத்திச் சொல்லும் 'ப', அதாவது பந்தில் வரும் 'ப', கிடையவே கிடையாது. மேலே சொன்ன 20 எழுத்திலும் அதற்கு இடமில்லை. அப்படி ஒரு ஒலியோடு வெளிச்சொல் வந்தால் அதைத் தங்களிடம் இருந்த 'க்வ'வாக மாற்றிச் சொல்வார்கள். லத்தீனில் 'புர்புரா' என்ற ஊதா நிறம் ஐரிஷில் 'கொர்க்ரா' ஆனது. ஈஸ்டர் பண்டிகையின் 'பாஸ்கா', 'காஷ்க்' ஆனது. இதைக் கல்லிலேயே காட்டுகிறேன். வேல்ஸ் நாட்டில் கஸ்டெல் துவைரன் என்ற இடத்தில் கிடைத்த கல் ஒன்றில் முகப்பில் லத்தீனில் பெரிய எழுத்தில் "காவலர் வோதெபோரிக்ஸின் நினைவு" என்று இருக்கிறது. அதே கல்லின் விளிம்பில் ஓகத்தில் அதே பெயர் 'வோதெகோரிகாஸ்' என்று. லத்தீன் படிக்கிறவர்களுக்கு 'போ', ஐரிஷ் படிக்கிறவர்களுக்கு 'கோ'. கடல் தாண்டி வேல்ஸில் குடியேறிய ஐரிஷ்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே மனிதரை ஆளுக்கொரு உச்சரிப்பில் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு குரலும் ஒரே கல்லில் பதிவாகியிருக்கிறது.

டிங்கிளிலேயே, பிராண்டன் மலையின் வடக்கு முகட்டில் அராக்ளென் என்ற இடத்தில் இன்னொரு கல் தனியாக நிற்கிறது. "க்விரிமிதிர் ரோனான், கோமகானின் மகன்" என்று எழுத்து. சிலுவையும் வெட்டியிருக்கிறது. அந்த முதல் சொல் பாதிரியாரைக் குறிக்கும் 'பிரெஸ்பிதர்' என்ற திருச்சபைச் சொல் பிரிட்டன் வழியாக வந்து, வாயில் நுழையாத 'ப'வை 'க்வ' ஆக்கிக்கொண்ட கோலம். ஆக, இது மதம் மாறிய காலத்துக் கல். ஓகம் என்றாலே கிறிஸ்தவத்துக்கு முந்தைய பூசாரிகளின் ரகசிய எழுத்து என்று நினைப்பவர்கள் இந்தக் கல்லை ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் பெயரை மலை முகட்டில் ஓகத்தில்தான் எழுதியிருக்கிறார்கள்.

மொழி உருமாறியது என்றேனே, அது சொல்லின் கடைசியில்தான் நன்றாகத் தெரியும். பழைய கற்களில் 'மக்வி' என்று முழுசாக இருக்கும். சற்றுப் பிந்தியவற்றில் கடைசி 'இ' உதிர்ந்து 'மக்' என்று நிற்கும். ட்ரலீ ஊர் ராட்டாஸ் தேவாலயத்தில் 1975-இல் கண்டெடுத்த கல் அப்படிப்பட்டது. அதன் தொடக்கத்திலுள்ள 'அன்ம்' என்பது 'பெயர்' என்ற சொல். இன்றைய ஐரிஷிலும் பெயர் 'அன்யம்'தான். கி.பி. 500-ஐ ஒட்டிக் கடைசி அசைகள் உதிரத் தொடங்கின. அந்த நூற்றாண்டின் நடுவில் சொல்லின் நடு உயிர்களும் போயின. ஆர்ட்மோர் தேவாலய இடிபாட்டுக்குள் உள்ள கல்லில் 'லுகுதெக்காஸ்' என்று நான்கு அசையில் இருக்கும் பெயர், அடுத்த சில தலைமுறைகளில் 'லுய்க்தெக்' என்று சுருங்கிவிட்டது. பேரன் பேசிய மொழி தாத்தாவுக்குப் புரிந்திருக்குமா என்று யோசிக்கும் அளவுக்கு வேகமான மாற்றம். ஏடுகளில் எழுதத் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அது நடந்துகொண்டிருந்தபோதே பதிவு செய்தவை இந்தக் கற்கள் மட்டும்தான். பெயருக்குப் பின்னால் வரும் அந்த ஒரு வேற்றுமை உருபு, மொழி வரலாற்றுக்காரர்களுக்குப் பெரிய புதையல்.

இத்தனையும் யார் படித்துக் கண்டுபிடித்தார்கள்? முழுக்க மறந்துபோன எழுத்து இல்லை இது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய பாலிமோட் ஏட்டில் எழுத்துகளின் பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் கல்லுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. 1840-களில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் கணிதப் பேராசிரியர் சார்ல்ஸ் கிரேவ்ஸ் இதை ஒரு சங்கேதக் கணக்காக எடுத்துக்கொண்டார். எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது, எதற்குப் பின் எது வருகிறது என்று எண்ணினார். அடிக்கடி திரும்ப வந்த ஒரு கூட்டம் 'மக்வி' என்று பிடிபட்டது. வேல்ஸின் செயின்ட் டாக்மெல்ஸ் கல் அதை உறுதி செய்தது. அதில் லத்தீனில் "குனோதாமியின் மகன் சக்ரானி" என்றும், விளிம்பில் ஓகத்தில் "சக்ரக்னி மக்வி குனதாமி" என்றும் இருக்கிறது. லத்தீனில் 'மகனுடைய' என்று பொருள்படும் 'ஃபிலி' வரும் இடத்தில் ஓகத்தில் 'மக்வி'. இதைவிடத் தெளிவான சாவி வேண்டுமா?

இதே சார்ல்ஸ் கிரேவ்ஸின் பேரன்தான் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ். ஓகம் எழுத்துகளை வைத்து மரங்களின் மாதக் காலண்டர் ஒன்றை 1948-இல் அவர் கற்பனையில் கட்டினார். இன்றைக்கு இணையத்தில் "உங்கள் பிறந்த தேதிக்கு என்ன மரம்" என்று வருவதெல்லாம் அங்கிருந்து கிளம்பியவை. பழைய அயர்லாந்தில் அப்படி ஒரு காலண்டர் கிடையாது. எழுத்துகளுக்கு மரப் பெயர் உண்டு என்பதும் பாதி உண்மைதான். முதல் எழுத்து 'பெய்த்' என்றால் பிர்ச் மரம், 'தைர்' ஓக், 'கொல்' ஹேசல், இவை சரி. ஆனால் 'கோர்ட்' என்றால் வயல், 'முய்ன்' என்றால் கழுத்து. தாத்தா கணக்குப் போட்டுத் தெளிவாக்கியதைப் பேரன் மறுபடி மூடுபனிக்குள் தள்ளிவிட்டார் என்பது என் வருத்தம்.

எழுத்தை உருவாக்கியவர் யார் என்றால் பழங்கதை ஓக்மா என்ற தெய்வ வீரனைச் சொல்கிறது. அவன் எழுதிய முதல் செய்தி, பிர்ச் மரக் குச்சியில் ஏழு 'ப'. உன் மனைவியைத் தூக்கிப் போகப் போகிறார்கள் என்று லுக் தெய்வத்துக்கு எச்சரிக்கையாம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வது வேறு: லத்தீன் எழுத்து தெரிந்த ஒருவர், தன் மொழியின் ஒலிகளை நன்றாகக் கேட்டுப் பிரித்து, குச்சியில் கணக்குக் கீறும் பாணியில் இதை அமைத்திருக்கிறார். உயிரை மெய்யிலிருந்து தனிக் குடும்பமாகப் பிரித்து வைத்ததே இலக்கணம் தெரிந்த ஆளின் வேலை. குச்சியில் எழுதியவை மட்கிப் போய்விட்டன. நமக்கு மிஞ்சியது கல்.

எதற்காக நட்டார்கள் என்பதற்கு ஒரே பதில் இல்லை. நினைவுக் கல் என்பது நிச்சயம். நில உரிமைக்குச் சாட்சியாகவும் இருந்திருக்கிறது. பழைய ஐரிஷ் சட்ட ஏடுகள் கல்லில் உள்ள ஓகத்தை நிலத்துக்கு ஆதாரமாகச் சொல்கின்றன. "இது இன்னாருடையது" என்று வேற்றுமை உருபோடு நிற்கும் வாசகம் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. கல்லின் சொந்தக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். பெண்ணுக்கு என்று நட்டதாக நான் அறிந்த ஒரே கல் வேல்ஸில் எக்லூயிஸ் கும்மினில் இருக்கிறது. 'குனிக்னியின் மகள் அவிதோரியா' என்று லத்தீனிலும் ஓகத்திலும் எழுதியிருக்கிறார்கள். மகளுக்கு அதில் வரும் 'இனிகெனா' என்ற சொல்தான் இன்றைய ஐரிஷில் 'இனீன்'.

சில தலைமுறைக்குள் அந்தப் பெயர்களின் மதிப்பு போய்விட்டதும் தெரிகிறது. நிலத்தடியில் பதுங்குவதற்கும் பொருள் வைப்பதற்கும் சுரங்க அறைகள் கட்டியவர்கள், நீளமாக வாகாக இருந்த ஓகம் கற்களைப் பிடுங்கிப் போய் மேல்தளத்துக்குக் குறுக்கே போட்டார்கள். கில்லார்னி அருகே டன்லோவில் 1838-இல் அப்படி ஒரு சுரங்கம் திறந்தபோது, கூரையில் எழுத்துக் கற்கள் வரிசையாக இருந்தன. இன்று அவற்றைச் சாலையோரம் நட்டு வைத்திருக்கிறார்கள், எளிதாகப் பார்க்கலாம். மரியாதைக் குறைவாகத் தோன்றினாலும், மழை படாமல் காப்பாற்றியது அந்தச் சுரங்கம்தான்.

கல்லில் வெட்டுவது நின்ற பிறகும் எழுத்து சாகவில்லை. சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்தில் 9-ஆம் நூற்றாண்டு லத்தீன் இலக்கண ஏடு ஒன்று இருக்கிறது, ஐரிஷ் துறவிகள் எழுதியது. அதன் ஓரத்தில் ஓர் இடத்தில் ஒருவர் ஓகத்தில் ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறார்: 'லாதிர்த்'. நேற்றுக் குடித்த பீர் இன்று தலையைப் பிளக்கிறது என்று அர்த்தம். கிலலூ தேவாலயத்தில் ஒரே கல்லில் வைக்கிங்குகளின் ரூன் எழுத்தும் ஓகமும் சேர்ந்து இருக்கின்றன: ரூன் எழுத்து தோர்கிரிம் என்பவர் இந்தச் சிலுவையை வெட்டினார் என்கிறது, ஓகம் அவருக்காக ஆசி கேட்கிறது. 2020-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வீட்டுத் தோட்டத்தில் களை எடுத்தவருக்கு 11 சென்டிமீட்டர் நீளமுள்ள சின்ன ஓகம் கல் ஒன்று கிடைத்தது. 1999-இல் யூனிகோட்டும் இதற்கு இடம் கொடுத்துவிட்டதால் இப்போது போனிலும் தட்டலாம்.

நீங்கள் மறுபடி போவதாக இருந்தால் சில வார்த்தை. கார்க் பல்கலைக்கழகத்தின் கல் நடைக்கூடத்தில் 28 கற்கள் கூரைக்கு அடியில் நிற்கின்றன, பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. டப்ளின் உயர் ஆய்வு நிறுவனம் பல கற்களை முப்பரிமாணத்தில் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. போகும் முன் உங்கள் கல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நேரில் பார்க்கும்போது சாக்பீஸ் தடவவோ பாசியைச் சுரண்டவோ வேண்டாம், அந்த உயிரெழுத்துப் பொட்டுகள் அதைத் தாங்காது. உச்சி வெயிலில் கல் மொட்டையாகத்தான் தெரியும். சாயங்காலம் சூரியன் தாழ்ந்த பிறகு போங்கள், இல்லாவிட்டால் டார்ச்சை விளிம்பின் பக்கவாட்டில் படுக்கைவாக்காகப் பிடியுங்கள். வெட்டுகளில் நிழல் விழும். அப்போது கீழே இடப்பக்கத்திலிருந்து விரலை வைத்து எண்ணத் தொடங்குங்கள். குறுக்கே ஒன்று, பள்ளம் ஒன்று, இடப்பக்கம் ஐந்து என்று வந்தால் 'மக்வி'யைப் பிடித்துவிட்டீர்கள். அதற்கு முன்னால் இருப்பது மகனின் பெயர், பின்னால் இருப்பது அப்பாவுடையது.